பெயர் குறைந்த கார்கள்: மருதனார்மடத்துக் கராஜிலிருந்து ஒரு பதில்

கொடிகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை. ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணம் ரவுனுக்கு வந்து போகவேண்டும். வயதான அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கையில் இருக்கிற காசுக்குச் சுசுகி வகன் ஆர் கிடைக்கவில்லை. மூன்று கார் பார்த்து வைத்திருக்கிறார்: ஒரு மஸ்டா பிளெயார், ஒரு பெரோடுவா விவா, ஒரு பழைய நிசான் மார்ச். கனடாவில் இருக்கிற மாமா, "ரொயோட்டா, சுசுகி ரெண்டையும் விட்டு வேற ஒண்டையும் தொடாதை" என்று சொல்லிவிட்டாராம். "அண்ணை, மாமா சொல்லுறது சரியோ? பேர் இல்லாத கார்களை நம்பி வாங்கக் கூடாதோ?" இதுதான் கேள்வி.

மாமா சொன்னது விற்கப்போகிற அன்றைக்குச் சரி. ஓடப்போகிற பத்து வருசத்துக்கு அது பாதிதான் சரி. எங்கள் ஊரில் "மதிப்பான வாகனம்" என்று ஒரு சொல் இருக்கிறது. திருப்பி விற்றால் நல்ல விலை போகும் என்பதும், பழுதில்லாமல் ஓடும் என்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. வாங்குகிற ஆள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். ஆனால் உங்களைப் போல ஒரு கார் வாங்கினால் அதையே வைத்து ஓடப்போகிற ஆளுக்கு முதலாவதால் பெரிய பிரயோசனம் இல்லை. தேவைப்படுவது இரண்டாவதுதான், அது பொனற்றில் ஒட்டியிருக்கிற சின்னத்தைப் பார்த்து வருவதில்லை.

இதை நான் கராஜுக்குள் போன முதல் வருசமே படித்தேன். 1991. பதினான்கு வயது. பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் மருந்துக்கும் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். தெரு முழுக்கப் புகை மணக்கும். அந்த நேரம் புதிதாக, மினுக்கமாக நின்ற ஜப்பான் கார்கள் பல கொட்டிலுக்குள் சாக்கு மூடிக் கிடக்க, ஐம்பதுகளில் செய்த ஒஸ்ரின்தான் பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. காரணம் மந்திரம் இல்லை. ஏ40 எஞ்சினின் கொம்பிறெசன், அதாவது சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு, ஏழுக்குச் சற்று மேலேதான். மண்ணெண்ணெய் போன்ற தரம் குறைந்த எரிபொருளை அந்த அமுக்கத்தில் தட்டாமல் எரிக்கலாம். காபரேற்றரும் புகை போகிற மனிபோல்ட்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பதால், அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாகும். ஒரேயொரு கஷ்டம், எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியாக இறங்கி ஒயிலோடு கலக்கும், ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். என்னைப் பழக்கிய பெரியவர் டிப் ஸ்ரிக்கை இழுத்து விரலில் தேய்த்து மணந்து பார்த்துத்தான் காரை வெளியே விடுவார். எந்தக் காரையும் அதன் உள்ளே என்ன இருக்கிறது, எங்கள் ஊர் நிலைமைக்கு அது பொருந்துமா என்று பார்க்கிற பழக்கம் அவரிடமிருந்து வந்தது.

இப்போது உங்கள் பிளெயாருக்கு வருவோம், ஏனென்றால் மாமாவின் பேச்சு அதிலேயே தடுக்கிவிழுகிறது. மஸ்டா பிளெயார் என்பது சுசுகி வகன் ஆர்தான். "அதைப் போல ஒன்று" என்று சொல்லவில்லை, அதே கார். சுசுகி செய்து கொடுக்க, மஸ்டா தன் சின்னத்தை ஒட்டி 2012 முதல் விற்கிறது. உள்ளே அதே ஆர்06ஏ எஞ்சின், 658 சீசீ, மூன்று சிலிண்டர், ரைமிங் செயின். போன மாதம் என் கராஜில் ஒரு வகன் ஆரும் ஒரு பிளெயாரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன, இரண்டுக்கும் முன் பிறேக் பாட் மாற்ற. வேலைக்கு நிற்கிற பொடியனிடம் சின்னங்களைத் துணியால் மூடிவிட்டு, எது எது என்று கேட்டேன். கீழே படுத்துப் பார்த்தான், பொனற்றைத் திறந்து பார்த்தான். கடைசியில் செசி நம்பரைப் பார்த்துத்தான் சொன்னான். வகன் ஆர் எம்.எச். என்று தொடங்கும், பிளெயார் எம்.ஜே. என்று தொடங்கும். பாட் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துத்தான் இரண்டுக்கும் போட்டோம்.

இப்படிச் சட்டை மாற்றிய கார்கள் ஜப்பானில் நிறைய. மஸ்டா கரோல், சுசுகி அல்ட்டோ. நிசான் மொக்கோ, சுசுகி எம்.ஆர். வகன். எல்லாரும் தேடுகிற சுசுகி எவ்ரி வான், நிசான் சின்னத்தில் கிளிப்பர் என்றும், மஸ்டா சின்னத்தில் ஸ்க்றம் என்றும், மிற்சுபிசி சின்னத்தில் மினிகப் என்றும் ஓடுகிறது. கிளிப்பரும் மினிகப்பும் வருசத்தைப் பார்த்து வாங்கவேண்டும், ஏனென்றால் 2013, 2014க்கு முந்திய மாடல்கள் வேறு வான். டைஹற்சு மிரா ஈ.எஸ்.ஸை ரொயோட்டா பிக்சிஸ் எப்பொக் என்று விற்கிறது, சுபாறு பிளியோ பிளஸ் என்று விற்கிறது. மஸ்டா பமிலியா வான் 1994 முதல் நிசான் ஏ.டி. வானாக இருந்தது, 2018க்குப் பிறகு ரொயோட்டா புரொபொக்ஸ். ஆகவே பெயர் தெரியாத சின்னம் ஒன்றைக் கண்டால் "இது ஆர் செய்தது?" என்று முதலில் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிற நல்ல காரில் பாதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பெரோடுவா விவாவும் இதே கதைதான், கொஞ்சம் சுற்றி வருகிறது. பெரோடுவா மலேசிய நிறுவனம், 1993இல் தொடங்கியது. அதில் டைஹற்சுவுக்குப் பங்கு இருக்கிறது. விவா 2007 முதல் 2014 வரை வந்தது, அடித்தளம் டைஹற்சு மிரா. அந்த டைஹற்சு யாருடையது? 1998இல் பெரும்பான்மைப் பங்கையும், 2016இல் முழுவதையும் ரொயோட்டா வாங்கிவிட்டது. மாமா நம்புகிற ரொயோட்டா பாசோவைச் செய்ததும், றைஸைச் செய்கிறதும் டைஹற்சுதான். "மலேசியாக் கார்" என்று எங்கள் ஆட்கள் முகத்தைச் சுழிக்கிறபோது எனக்கு உண்மையில் மனம் நோகும். விவாவின் உள்வேலை மெல்லியதுதான். கதவை அடித்தால் தகரச் சத்தம் வரும், கதவுப் பிடி, யன்னல் மோட்டர் என்று சில்லறைப் பழுதுகள் வரும். ஆனால் எஞ்சினும் கியர்பொக்ஸும் நேர்மையானவை. ஓட்டோ கியர் சாதாரண வகை, கியர்களுக்குப் பதிலாகப் பெல்ற்றில் ஓடுகிற சி.வி.ரி. இல்லை. வருசம் போன ஒரு காரில் அது பெரிய நிம்மதி.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும், அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறீர்கள். 2023 டிசம்பரில் டைஹற்சு தன் கார்களின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டு, அனுப்பிவைக்கிற கார்களை எல்லாம் நிறுத்தியது. 64 மாடல்கள் அதில் அகப்பட்டன, ரொயோட்டா சின்னம் போட்டவையும் உள்ளே. எஞ்சின் உழைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் பெரிய பெயர் ஒன்று பின்னால் நின்றால் எல்லாம் சரி என்று நினைக்கிற ஆட்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். தக்காற்றா என்ற கம்பனி செய்த எயார் பாக் விடயமும் அப்படியே. வெக்கையிலும் ஈரத்திலும் வருசக்கணக்காக இருந்தால் அதன் உள்ளே இருக்கிற வெடிமருந்து பழுதாகி, வெடிக்கிறபோது உலோகத் துண்டுகளை முகத்துக்கு அடிக்கும். உலகத்தில் பல உயிர் போனது. ரொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா, மிற்சுபிசி, சுபாறு, ஒருவரும் மிச்சமில்லை. எங்கள் ஊரோ வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர். எந்த ஜப்பான் கார் வாங்கினாலும் செசி நம்பரைக் கம்பனியின் ஜப்பான் இணையத்தளத்தில் போட்டு, மாற்றவேண்டியது ஏதாவது மாற்றாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட அலுவல். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மார்ச். நீங்கள் பார்த்தது கே11 என்ற மாடல் என்று நினைக்கிறேன், நீங்கள் அனுப்பிய படத்தில் உருண்டை முகம் தெரிகிறது. 1993இல் ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசு வாங்கிய முதல் ஜப்பான் கார் அதுதான், அங்கே மைக்றா என்று பெயர். 1000 சீசீ எஞ்சின், நான்கு சிலிண்டர், ரைமிங் செயின். அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறபோது எனக்கு வருகிற மரியாதை பல புது எஞ்சின்களுக்கு வருவதில்லை. கை போகிற இடம் எல்லாம் இடைவெளி இருக்கும், ஒரு நட்டைக் கழற்ற இன்னொரு சாமானைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் கியர்பொக்ஸைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். கை கியர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு. சாதாரண ஓட்டோ என்றாலும் பரவாயில்லை. மின்காந்தக் கிளச்சோடு வந்த பழைய சி.வி.ரி. என்றால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்தச் சாமானும் இல்லை, திருத்தத் தெரிந்த ஆட்களும் குறைவு. இன்னொன்று வயது. ஜப்பானில் 2002 உடன் கே11 நின்றுவிட்டது. எவ்வளவு நல்ல எஞ்சினுக்கும் இருபது வருசம் போன றப்பர் குழாயும் வயரும் நல்லதாக இருக்காது. பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம், தீவுப் பக்கம் ஓடிய கார் என்றால் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியை விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் மணி போலச் சொல்லும், உப்புக் காற்று தின்ற தகரம் மொத்தமாக "பொத்" என்னும்.

கேட்காததையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கு உதவும். மிற்சுபிசி லான்சர் சி.கே., பெயர் மங்கிப்போன நல்ல கார், ரைமிங் பெல்ற்றை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு முன் மாற்றினால் போதும். பழைய டெலிக்கா வானின் 4டி56 டீசல் எஞ்சினை ஹுண்டாயே உரிமம் வாங்கித் தன் வான்களுக்குப் போட்டது. அதில் ரைமிங் பெல்ற்றோடு பலன்சர் பெல்ற் என்று சின்னதாக இன்னொன்று இருக்கும். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் மாற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சின்னது அறுந்து பெரியதுக்குள் சிக்கினால் எஞ்சின் போச்சு. மஸ்டா அக்செலாவில் 2013க்குப் பிறகு வந்த ஓட்டோ, ஹைபிரிட்டைத் தவிர, ஆறு கியர் உள்ள சாதாரண வகை. எல்லாரும் சி.வி.ரி.க்கு ஓடிய காலத்தில் மஸ்டா ஓடாமல் நின்றது, அதற்காகவே எனக்கு அந்தக் காரில் விருப்பம்.

ரொயோட்டாவின் பெயர் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லவேண்டும். 121 கொறொல்லாவின் எஞ்சின் சாமானைச் சுன்னாகத்திலேயே வாங்கலாம், இரவு எட்டு மணிக்கும் ஒரு கடை திறந்திருக்கும். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை சொந்தப் பாவனைக்குப் புதுக் கார் நாட்டுக்குள் வராமல் இருந்த ஐந்து வருசமும் அந்தக் கார்கள்தான் எங்களைத் தாங்கின. ஆனால் அதே ஐந்து வருசம்தான் அவற்றின் விலையை வானத்துக்கு ஏற்றியது. வேறு பெயர்களைப் பார் என்று நான் சொல்லத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். பெரிய பெயர் வைத்திருக்கிறவர்களும் புது வேலையில் சறுக்குவார்கள். ஹொண்டா பிற் ஹைபிரிட் 2013இல் வந்து, ஓராண்டு சொச்சத்தில் ஜப்பானில் ஐந்து தடவை திருப்பி அழைக்கப்பட்டது. எந்தக் கம்பனி என்றாலும் ஒரு மாடலின் முதல் வருசக் காரை நான் வாங்கச் சொல்வதில்லை.

இனி நான் மனம் விட்டுச் சொல்ல விரும்புவது. இந்த ஊரில் கார்களைக் கொல்வது பிராண்ட் இல்லை, தண்ணீர். போன வருசம் ஆனையிறவில் நின்றுபோன ஒரு காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெயர் சொன்னால் எல்லாரும் தலை ஆட்டுகிற பிராண்ட், ஓடியதும் அதிகம் இல்லை. காரின் சொந்தக்காரர் அழுகிற நிலையில் நின்றார். "நல்ல கார் எண்டுதானே அண்ணை கூடக் காசு குடுத்து வாங்கினனான்." றேடியேற்றரைக் கழற்றி மேல் தொட்டியை வெட்டினேன். உள்ளே குழாய் வாய்கள் எல்லாம் சுண்ணாம்பு பூசிய சுவர் போல வெள்ளை. நாற்பது வாயில் பத்துக்கூடத் திறந்திருக்காது. ஒரு துண்டை ஸ்குறூட்றைவரால் கிளப்பி அவர் கையில் வைத்தேன், முட்டை ஓடு போல உடைந்தது. நான்கு வருசமாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் விட்டிருக்கிறார். எஞ்சின் ஹெட்டைக் கழற்றி நேர்மட்டம் வைத்துப் பார்த்தால் நடுவில் இடைவெளி அளக்கிற பீலர் கேஜ் தகடு தடையில்லாமல் போய் வருகிறது. சூட்டில் வளைந்துவிட்டது.

எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளை படிகிறதைப் பார்க்காத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அது சூட்டைச் சரியாகக் கடத்தாது, அதனால் தண்ணீர் ஓடினாலும் உலோகம் சரியாகக் குளிராது. கடலோரக் கிணறு என்றால் உப்பும் சேரும், அலுமினிய ஹெட்டை அது அரிக்கும். பற்றறிக்கு விடுகிற வடித்த தண்ணீரும் நல்ல கூலன்றும் அரைக்கு அரை கலந்து விட்டால் இந்தச் சாவு இல்லை. அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டால், வீடு வந்ததும் இறக்கிவிடவேண்டும். மாதம் ஒருக்கால், எஞ்சின் குளிர்ந்திருக்கிற காலையில், மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். ஒயிலுக்கும் அதே கவனம் வேண்டும். இந்தச் சின்ன மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் ஒயில் கொள்ளுவதே மூன்று லீற்றர் அளவு. அதைத் தள்ளிப்போட்டால் பிஸ்ரன் றிங்கில் கரி பிடித்து ஒயில் குடிக்கத் தொடங்கும். நான் 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றச் சொல்கிறேன். சி.வி.ரி. என்றால் அதற்கென்று உள்ள ஒயிலை மட்டும், 40,000க்கு ஒருக்கால். கண்ட ஒயிலை விட்டால் உள்ளே இருக்கிற இரும்புப் பெல்ற் வழுக்கும், பிறகு முழுக் கியர்பொக்ஸும் மாற்றவேண்டும்.

பெயர் குறைந்த காரில் உண்மையான பயம் பழுது இல்லை, சாமான். அதற்கு நான் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது. காசு கொடுக்க முன் கொழும்பு பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைகளுக்குப் போன் போட்டு, செசி நம்பரைச் சொல்லி நான்கு சாமானுக்கு விலை கேட்பேன்: முன் சொக் அப்சோபர், சில்லுப் பெயாரிங், இக்னிஷன் கொயில், ஹெட் லைற். மூன்றுக்காவது "இருக்கு, இரவு பஸ்ஸில போட்டுவிடுறன்" என்று பதில் வந்தால் அந்தக் காரை வாங்கலாம். காலையில் பஸ் வர எடுத்துப் பூட்டி, மத்தியானம் கார் வீட்டுக்குப் போய்விடும். "ஓடர் பண்ணவேணும்" என்று நான்கு தடவையும் சொன்னால், எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அந்தக் கார் மாதக்கணக்கில் என் கராஜ் மரத்தடியில் நிற்கும். உங்கள் மூன்று காருக்கும் நேற்று நானே கேட்டுப் பார்த்தேன். பிளெயாருக்கு நான்கும் இருக்கிறது, வகன் ஆர் சாமான்தானே. விவாவுக்கும் நான்கும். மார்ச்சுக்கு ஹெட் லைற் பழையதுதான் கிடைக்கும் என்றார்கள்.

ஆகவே தங்கச்சி, என் மனம் பிளெயார் பக்கம். சி.வி.ரி. ஒயில் எப்போது மாற்றியது என்று விற்கிறவரிடம் கேளுங்கள். ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலைமையை எழுதிய ஏலச் சீற்று இருந்தால் வாங்கி வையுங்கள், மீற்றரில் காட்டுகிற கிலோமீற்றரை அதோடு ஒத்துப் பார்க்கலாம். அந்த இரண்டிலும் பதில் சரியில்லை என்றால் விவாவை எடுங்கள், மிஞ்சுகிற காசில் ரயர் நான்கையும் மாற்றலாம். மார்ச் கை கியராகவோ சாதாரண ஓட்டோவாகவோ இருந்து, தகரம் நல்லது என்றால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் வீட்டில் இன்னொரு வாகனம் இருக்கிற ஆளுக்கு.

மாமாவோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. பிளெயாரின் பொனற்றைத் திறந்து, உள்ளே சாமான்களில் சுசுகி என்று பொறித்திருக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். காரைக் காட்ட என்னிடம் கொண்டுவருகிறதாக இருந்தால் விற்கிறவரிடம் முதல்நாளே சொல்லிவையுங்கள், காலையில் நான் வந்து பார்க்கும்வரை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று. கொடிகாமத்துக்கே வருகிறேன். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து முதலில் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவேண்டும்.